விக்டோரியா காலத்து அலங்கார டெரஸ் வீட்டின் மரபுச் சிறப்பை மதிப்பிட்டு எழுதும் முறை

மெல்போர்ன் நகரின் மையத்தை ஒட்டியுள்ள கார்ல்டன், ஃபிட்ஸ்ராய், கிழக்கு மெல்போர்ன், தெற்கு மெல்போர்ன் ஆகிய பகுதிகளில், பொதுச்சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டு வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. டெரஸ் வீடு என்று ஆஸ்திரேலியாவில் அழைக்கப்படும் இவ்வகை வீடு லண்டனிலிருந்து வந்த வடிவம்தான். ஆனால் வார்ப்பிரும்புச் சரிகை தொங்கும் மாடி வராந்தா, கலசங்களும் சிப்பி வடிவங்களும் ஏறிய கைப்பிடிச்சுவர், வாசலில் பல வண்ண ஓடுகள் பதித்த தளம் ஆகியவை சேர்ந்தபோது அது ஆஸ்திரேலிய நகரங்களுக்கே உரிய முகத்தைப் பெற்றது. இத்தகைய வீடு ஒன்றை வாங்கியவரும், அதில் வாடகைக்குக் குடியிருப்பவரும், பக்கத்து வீடு இடிபடப்போகிறது என்ற அறிவிப்பைக் கண்டு நகராட்சிக்கு எழுத நினைப்பவரும் ஒரு கட்டத்தில் ஒரே கேள்விக்கு வந்துசேர்வார்கள்: இந்த வீட்டின் மரபுச் சிறப்பு என்ன, அதை எவ்வாறு நிறுவுவது?

இக்கேள்விக்கு விடையாக எழுதப்படும் குறிப்புகளில் பல, முகப்பு அலங்காரத்தைப் புகழ்வதோடு நின்றுவிடுகின்றன. 1880களில் அந்தக் கலசங்களும் முகச்சிற்பங்களும் பெரும்பாலும் பட்டறைகளில் அச்சில் வார்க்கப்பட்டு, விலைப்பட்டியலைப் பார்த்து வாங்கப்பட்டவை. ஒரே வார்ப்பிரும்புத் தோரணத்தைப் பல தெருக்களில் காணலாம். அலங்காரம் இருக்கிறது என்று சொல்வதால் மட்டும் எந்த வாதமும் நிற்காது. அந்த அலங்காரம் எந்தக் காலத்துக்கும், எந்தப் பொருளாதாரத்துக்கும், எவ்வகை வாழ்க்கைக்கும் சான்றாக நிற்கிறது என்பதைக் காட்டினால்தான் நிற்கும். கீழே வரும் வழிமுறை மெல்போர்னை முதன்மையாகக் கொண்டது. சிட்னியின் நடைமுறை வேறுபடும் இடங்கள் அங்கங்கே குறிப்பிடப்பட்டுள்ளன.

எந்த அளவுகோலால் அளப்பது

ஆஸ்திரேலியாவில் மரபுப் பாதுகாப்புப் பணிகளுக்கு அடிப்படையாக விளங்குவது, தெற்கு ஆஸ்திரேலியாவின் பர்ரா நகரில் 1979இல் ஏற்கப்பட்டு, கடைசியாக 2013இல் திருத்தப்பட்ட பர்ரா சாசனம். ஓர் இடம் முற்காலத்து, இக்காலத்து, வருங்காலத் தலைமுறைகளுக்குத் தரும் அழகியல், வரலாற்று, அறிவியல், சமூக, ஆன்மிக மதிப்புகளின் தொகுப்பையே அது பண்பாட்டுச் சிறப்பு என்று வரையறுக்கிறது. இந்த மதிப்புகள் கட்டடத்தின் பொருண்மையில் மட்டுமல்லாமல் அதன் சூழலிலும், பயன்பாட்டிலும், தொடர்புகளிலும், ஆவணங்களிலும் உறைந்திருக்கின்றன என்பது அந்தச் சாசனத்தின் நிலைப்பாடு. டெரஸ் வீட்டைப் பொறுத்தவரை சூழல் என்ற சொல்லுக்குக் கூடுதல் கனம் உண்டு. வரிசையிலிருந்து ஒரு வீட்டைத் தனியே பிரித்து மதிப்பிடுவது, அதன் பாதிச் சுவரை விட்டுவிட்டு மதிப்பிடுவதாகும்.

விக்டோரியா மாநிலத்தில் நடைமுறையில் பயன்படுபவை எட்டு அளவுகோல்கள்: வரலாற்றுப் போக்கில் பெறும் இடம், அரிய தன்மை, ஆய்வுக்கு உதவும் ஆற்றல், ஒரு வகையின் முதன்மைப் பண்புகளை எடுத்துக்காட்டும் தன்மை, அழகியல், தொழில்நுட்ப அல்லது படைப்புச் சாதனை, இன்றைய சமூகத்தோடு உள்ள பிணைப்பு, முக்கியமான ஒருவரோடு உள்ள தனித் தொடர்பு. சிட்னி அமைந்துள்ள நியூ சவுத் வேல்ஸ், 1977ஆம் ஆண்டின் மரபுச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ இதையே ஏழு அளவுகோல்களாகப் பிரித்துக்கொள்கிறது. புதிதாக எழுதுவோர் எட்டையும் நிரப்ப முயல்வது வழக்கம். அது தவறான உத்தி. சாதாரணமான ஓர் அலங்கார டெரஸ் வீட்டுக்கு வரலாறு, வகைப் பண்பு, அழகியல் ஆகிய மூன்றும் போதும். மீதியைச் சான்று இருந்தால் மட்டும் சேர்க்க வேண்டும், இல்லையேல் நல்ல வாதமும் நீர்த்துப்போகும்.

தெருவில் நின்று படிப்பது

முதல் வேலை எதிர்ப்புற நடைபாதையில் நின்று, முழு வரிசையையும் கண்ணுக்குள் கொண்டுவருவது. எத்தனை வீடுகள் ஒரே கையால் ஒரே சமயத்தில் கட்டப்பட்டவை, எங்கே வரிசை முடிந்து வேறொருவர் கட்டியது தொடங்குகிறது, நடுவீட்டுக்கு மட்டும் முக்கோண முகடு கொடுத்து முழு வரிசையையும் ஒரே மாளிகைபோலத் தோன்றச் செய்திருக்கிறார்களா, ஓரத்து வீடு மற்றவற்றைவிட அகலமா என்பனவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு வீட்டின் அகலம் பெரும்பாலும் ஐந்து மீட்டரைச் சுற்றியே இருக்கும். ஊக வணிகத்துக்காக நிலத்தைக் குறுகலான துண்டுகளாக நறுக்கிய அங்காடிக் கணக்கு அந்த அகலத்திலேயே தெரியும்.

வீடுகளுக்கு இடையே பொதுச்சுவர் கூரையைத் தாண்டி மேலே எழுவதையும், முன்புறம் வராந்தாவின் இரு பக்கங்களிலும் இறக்கைபோல நீண்டு வருவதையும் பலர் வெறும் அழகு என்று எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமல் தடுப்பதற்கான அமைப்பு அது. சிட்னியில் 1830களின் இறுதியிலும், மெல்போர்னில் 1849இலும் லண்டன் சட்டத்தை ஒட்டி இயற்றப்பட்ட கட்டட விதிகளின் வழிவந்தது. அந்த இறக்கைச் சுவரின் நுனியில் கொத்தனார் ஒரு முகத்தையோ, தாங்குகட்டையையோ, புழு அரித்ததுபோல் குடைந்த கல் வடிவத்தையோ பதித்திருப்பார். சட்டம் கட்டாயப்படுத்திய சுவரை அலங்காரத்துக்கான இடமாக மாற்றிக்கொண்ட இந்தச் சாமர்த்தியத்தை அறிக்கையில் ஒரு வாக்கியத்திலாவது சொல்லத்தான் வேண்டும்.

கைப்பிடிச்சுவர் மெல்போர்ன் டெரஸ் வீட்டின் கையெழுத்து. சிட்னியின் பாடிங்டன் போன்ற மேட்டுநிலப் பகுதிகளில் வீடுகள் தெருவின் சரிவோடு படிப்படியாக இறங்குகின்றன. அங்கே சரிவுக்கூரை தெருவுக்குத் தெரியும்படி விடப்பட்டிருப்பதும் உண்டு. சமதளமான மெல்போர்னிலோ கூரையை மறைத்து உயர்ந்த கைப்பிடிச்சுவர் எழுப்பி, அதன்மேல் சிறு தூண் வரிசையும், கலசங்களும், நடுவில் வீட்டின் பெயரோ ஆண்டோ பொறித்த பலகையும் வைத்தார்கள். அந்த ஆண்டை அப்படியே நம்பிவிட வேண்டாம். அது முழு வரிசைக்கும் பொதுவான ஆண்டாக இருக்கலாம். கட்டி முடித்த ஆண்டாகவோ தொடங்கிய ஆண்டாகவோ இருக்கலாம். பிற்காலத்தில் திருத்தி எழுதப்பட்டதாகவும் இருக்கலாம்.

முகப்பின் பொருளைக் கவனிப்பது அடுத்த வேலை. மெல்போர்னில் அடித்தளமும் வாசற்படியும் பெரும்பாலும் புளூஸ்டோன் எனப்படும் உள்ளூர் எரிமலைப் பாறைக் கல்லால் ஆனவை. சிட்னியில் அந்த இடத்தில் மணற்கல் இருக்கும். 1850களில் கட்டப்பட்ட ஃபிட்ஸ்ராய் ராயல் டெரஸ் போன்ற பழைய வரிசைகளில் முகப்பே புளூஸ்டோனால் ஆனது. அங்கே அலங்காரம் மிகக் குறைவு, கம்பீரம் அதிகம். செங்கல்லின் மேல் சிமென்ட் சுதை பூசி, கல் அடுக்கியதுபோல் கோடு கிழித்து, அச்சுவார்ப்புகளை ஒட்டும் இத்தாலியப் பாணி 1870களில் பரவி, 1880களின் பிற்பகுதியில் உச்சத்தைத் தொட்டது. சுதை பூசாமல் சிவப்பு, பழுப்பு, வெளிர் மஞ்சள் செங்கற்களை மாற்றி மாற்றி அடுக்கும் பலவண்ணச் செங்கல் வேலையும் அக்காலத்ததே. ஜோசப் ரீட் என்ற கட்டடக்கலைஞர் 1860களில் வட இத்தாலியப் பயணத்துக்குப் பின் வடிவமைத்த காலின்ஸ் தெருச் சுதந்திரத் திருச்சபைக் கட்டடம் அப்பாணிக்கு மெல்போர்னில் முன்மாதிரியாக அமைந்தது. இன்று சுதை முகப்புகளில் காணும் வெள்ளையையும் இளமஞ்சளையும் மூல வண்ணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவற்றில் பல தொடக்கத்தில் வண்ணம் பூசப்படாமல், கல்லின் சாம்பல் நிறத்திலேயே விடப்பட்டவை.

இனி இரும்பு. வராந்தாவின் மேல் விளிம்பில் தொங்கும் தோரணம், மாடியின் கிராதி, தூணுக்கும் தோரணத்துக்கும் இடையே உள்ள மூலைத்துண்டு ஆகிய மூன்றும் ஒரே அச்சு வகையைச் சேர்ந்தவையா என்று பாருங்கள். தொடக்க கால வார்ப்பிரும்பு பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்தது. பின்னர் உள்ளூர்ப் பட்டறைகள் பெருகி, தங்கள் வடிவங்களைப் பதிவுசெய்யவும் தொடங்கின. சில தூண்களின் அடிப்பீடத்தில் பட்டறையின் பெயரும், சில வார்ப்புகளில் பதிவுக் குறியும் புடைப்பெழுத்தில் இருக்கும். பல முறை வண்ணம் பூசியதால் அவை மூடிக்கிடக்கும், விரல்நுனியால் தடவினால் தட்டுப்படும். மாற்று வார்ப்புகளைக் கண்டறியச் சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் போதும்: வார்ப்பிரும்பில் ஒட்டும், பிற்காலத்தில் புழக்கத்துக்கு வந்த அலுமினிய வார்ப்பில் ஒட்டாது. அலுமினியம் என்று தெரிந்தால் வீட்டின் மதிப்பே போய்விட்டது என்று பொருளல்ல. அதை மூலப் பொருள் என்று அறிக்கையில் எழுதிவிட்டுப் பின்னால் அகப்பட்டுக்கொள்ளாமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

கைப்பிடிச்சுவர் அலங்காரங்களை ஏணி வைத்து ஏறிப் பார்ப்பதைத் தவிர்த்து, இருகண் தொலைநோக்கியைப் பயன்படுத்துவது நல்லது. சிமென்ட் வார்ப்புகளின் உள்ளே நிற்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்து உப்பும்போது கலசம் பிளந்து, தொட்டால் விழும் நிலையில் நிற்கும்.

உள்ளே நுழைந்தால்

வெளிமுகப்பு ஊருக்குச் சொன்ன செய்தி. வீட்டுக்குள் யார் எங்கே இருந்தார்கள் என்பதை உள் அலங்காரத்தின் படிநிலை சொல்லும். முன்வாசலின் இருபுறமும் பொறித்த அல்லது வண்ணக் கண்ணாடிகள், நீண்ட நடையின் பாதியில் ஒரு சுதை வளைவு, முன்னறையில் சலவைக்கல் கணப்பு, மேற்கூரையின் நடுவில் விரிந்த சுதைப் பூ, சுவரும் கூரையும் சேரும் இடத்தில் ஆழமான விளிம்பு வேலை ஆகியவற்றை எதிர்பார்க்கலாம். விருந்தினர் பார்வைக்குப் படும் இந்த அறையிலிருந்து பின்னோக்கி நடக்க நடக்க விளிம்பு வேலை மெலிந்துகொண்டே போகும். கணப்பு சலவைக்கல்லிலிருந்து சிலேட்டுக்கல்லுக்கும் மரத்துக்கும் இறங்கும். சமையலறையும் அதன் மேலுள்ள சிற்றறையும் வெறுஞ்சுவரோடு நிற்கும். அந்தச் சிற்றறை பல வீடுகளில் வேலைக்காரப் பெண்ணின் அறை. ஓர் அலங்கார வீட்டின் அலங்காரம் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதை வரைபடத்தில் குறித்துவைத்தால், அக்காலத்து நடுத்தர வகுப்பின் வாழ்க்கை ஒழுங்கு அப்படியே தாளில் பதிந்துவிடும். முகப்பைப் பற்றி எழுதப்படும் பத்துப் பக்கங்களைவிட இந்த ஒரு வரைபடத்துக்கு மதிப்பு அதிகம் என்பேன்.

பின்புறம் வீடு குறுகி, ஒரு பக்கம் வெளிச்சத்துக்கான சந்து விட்டு நீளும். அடுத்த வீடும் கண்ணாடியில் பார்த்ததுபோல் அதே அமைப்பைத் திருப்பிப் போட்டிருக்கும். இரண்டின் சமையலறைகளும் ஒரே சுவரில் முதுகு சாய்த்திருக்கும், இரண்டின் புகைபோக்கிகளும் ஒன்றாக எழும். கொல்லைக் கோடியில் கழிப்பறையும் அதற்குப் பின்னால் கல் பாவிய சந்தும் உண்டு. மெல்போர்னில் கழிவுநீர்க் குழாய் இணைப்புகள் 1897இல்தான் தொடங்கின. அதுவரை இரவில் வண்டி வந்து மலத்தை அள்ளிச் சென்ற வழி அந்தச் சந்து. பின்சுவரில் அந்த வேலைக்காக விட்டு, பின்னர் அடைக்கப்பட்ட சிறு திறப்பு ஏதேனும் தெரிந்தால் படமெடுத்து வையுங்கள். கொல்லைப்புறம் முதலில் இடிபடுவது என்பதால் இன்று முகப்புகளைவிட அரிதாகிவருவது இதுதான்.

ஆவணங்களில் தேடுவது

கட்டப்பட்ட ஆண்டை நிறுவுவதற்கு மிக நம்பகமானது நகராட்சியின் சொத்துவரிப் பதிவேடு. ஓர் ஆண்டில் வெற்று நிலம் என்று இருந்த பதிவு, மறு ஆண்டு செங்கல் வீடு, இத்தனை அறைகள், உரிமையாளர் இன்னார், குடியிருப்பவர் இன்னார், ஆண்டு வாடகை மதிப்பு இவ்வளவு என்று மாறும். அந்த இரண்டு வரிகளுக்கு இடையில் வீடு எழுந்திருக்கிறது. உரிமையாளரின் தொழில் என்ன, அவருக்கு அதே தெருவில் வேறு வீடுகள் உண்டா, குடியிருந்தவர் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாறினார் என்பனவும் அங்கிருந்தே தெரியும். கட்டியவரே குடியிருந்த வீட்டைவிட, வாடகை வருமானத்துக்காகக் கட்டிய வரிசைகளே அதிகம் என்பதை நினைவில் வைத்துத் தேடினால், "செல்வந்தர் ஒருவரின் இல்லம்" என்ற வழக்கமான கற்பனைக்குள் விழாமல் தப்பலாம்.

குடியிருந்தோரைத் தொடர்ந்து பார்க்க, மெல்போர்னுக்கு 1974 வரை வெளியான சாண்ட்ஸ் அண்ட் மெக்டூகல் முகவரிப் புத்தகங்களும், சிட்னிக்கு 1858இல் தொடங்கிய சாண்ட்ஸ் முகவரிப் புத்தகங்களும் உதவும். இரண்டிலும் தெருவாரியாக வீடுகள் வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். ஆனால் வீட்டு எண்கள் இடையில் மாற்றப்பட்டிருப்பதால், மூலைக் கடையையோ குறுக்குத் தெருவையோ அடையாளமாக வைத்து எண்ணிச் செல்ல வேண்டும். எண்ணை மட்டும் நம்பினால் பக்கத்து வீட்டுக்காரரின் வரலாறு உங்கள் அறிக்கையில் வந்து அமர்ந்துவிடும்.

மெல்போர்னுக்குக் கிடைத்த பெரும் புதையல், கழிவுநீர்த் திட்டத்துக்காக மெல்போர்ன் மாநகரப் பணிகள் வாரியம் 1890களிலிருந்து வரைந்த அளவைப் படங்கள். அவற்றில் ஓர் அங்குலத்துக்கு 40 அடி என்ற விரிவான அளவில், அதாவது 1:480 விகிதத்தில் வரையப்பட்டவற்றில் ஒவ்வொரு வீட்டின் வராந்தா, குளியலறை, கழிப்பறை, கொட்டகை, முற்றத்தின் தளம் வரை தெரியும். விக்டோரியா மாநில நூலகம் இவற்றை இணையத்தில் வைத்துள்ளது. இன்றைய வான்படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, வீட்டின் எந்தப் பகுதி முதலில் கட்டியது, எது பின்னர் ஒட்டியது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

கட்டடக்கலைஞரின் பெயரைக் கண்டுபிடிக்க, ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் உள்ள ஆர்கஸ் நாளிதழின் ஒப்பந்தப்புள்ளி விளம்பரங்களைத் துழாவலாம். விளம்பரத்தில் கட்டடக்கலைஞரின் பெயரும் தெருவின் பெயரும் இருக்கும், வீட்டின் எண் பெரும்பாலும் இருக்காது. சொத்துவரிப் பதிவேட்டின் உரிமையாளர் பெயரோடு பொருந்தினால் மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும். பெயர் கிடைக்காமல் போவதே இயல்பு. கட்டடக்கலைஞர் இல்லாமல் கட்டுமான ஒப்பந்தக்காரரே மாதிரிப் புத்தகம் பார்த்துக் கட்டிய வீடுகள் ஏராளம். அது குறையும் அன்று, அக்காலத்துக் கட்டுமானத் தொழில் இயங்கிய விதத்தின் சான்று.

காலத்தோடு பொருத்துவது

ஆண்டு கிடைத்தபின் அதை மெல்போர்னின் பொருளாதார வரலாற்றின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். 1851இல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்தது. மக்கள்தொகையும் மூலதனமும் வந்து குவிந்தன. 1880களில் நிலவிலை கட்டுக்கடங்காமல் ஏறியது. 1885இல் வந்து பார்த்த ஆங்கிலப் பத்திரிகையாளர் ஜார்ஜ் அகஸ்டஸ் சாலா "வியத்தகு மெல்போர்ன்" என்று பாராட்டிய நகரம் அதுதான். அந்த ஏற்றம் 1891இல் சரியத் தொடங்கி, 1893இல் வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவை அடைத்தபோது முற்றாக வீழ்ந்தது. எனவே 1888இன் மிகையான கைப்பிடிச்சுவர், கடன் மலிவாகக் கிடைத்த காலத்தின் தன்னம்பிக்கையைக் காட்டுகிறது. ஒரு தெருவில் வரிசை பாதியில் நின்று, மீதி மனைகளில் இருபதாம் நூற்றாண்டின் எளிய செங்கல் வீடுகள் நின்றால், அந்த இடைவெளியே வீழ்ச்சியின் தடயமாக இருக்கக்கூடும். மனைப் பதிவுகளைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம்.

இந்த வரலாறு 1893இல் முடிந்துவிடுவதில்லை. புறநகர்கள் பெருக, வசதியுள்ளோர் அங்கே சென்றுவிட, டெரஸ் வீடுகள் அறை அறையாக வாடகைக்கு விடப்பட்டன; மாடி வராந்தாக்கள் கல்நார்த் தகடுகளாலும் கண்ணாடிச் சட்டங்களாலும் அடைக்கப்பட்டுத் தூங்கும் அறைகளாயின. 1938இல் அமைக்கப்பட்ட விக்டோரியா வீட்டுவசதி ஆணையம் இத்தகைய பகுதிகளைச் சேரிகள் என்று அடையாளமிட்டு, 1960களில் கார்ல்டனிலும் ஃபிட்ஸ்ராயிலும் தெருக்கணக்கில் இடித்து அடுக்குமாடிகளை எழுப்பியது. போருக்குப்பின் வந்த இத்தாலிய, கிரேக்கக் குடும்பங்கள் மலிவாக வாங்கிய வீடுகளில் இரும்புச் சரிகையைக் கழற்றிவிட்டுச் செங்கல் தூண்களும் மெருகேற்றிய சிமென்ட் தளமும் அமைத்தார்கள். இவற்றையெல்லாம் "சிதைவு" என்ற ஒரே சொல்லில் அடைப்பது எளிது, ஆனால் பர்ரா சாசனம் ஒரு காலத்தின் மதிப்பைக் காக்கவென்று இன்னொரு காலத்தின் மதிப்பைக் காரணமின்றிப் புறந்தள்ளுவதை ஏற்பதில்லை. ஒரு வரிசையில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் எஞ்சியிருக்கும் 1950களின் புலம்பெயர்ந்தோர் வராந்தாவை, என் கணிப்பில், மீட்டெடுத்த சரிகை வராந்தாவைவிடக் கவனமாக ஆராய வேண்டும்.

இன்றைய சமூகத்தோடு உள்ள பிணைப்பு என்ற அளவுகோலைப் பயன்படுத்த விரும்புவோர் ஒன்றை மறக்கக் கூடாது. அது இன்றும் உயிரோடுள்ள பிணைப்பைக் கேட்கிறது, பழங்கதையை அன்று. சிட்னியில் 1964இல் தொடங்கிய பாடிங்டன் சங்கமும், 1970களின் தொடக்கத்தில் ஜாக் மண்டி முதலியோர் தலைமையில் கட்டுமானத் தொழிலாளர் சங்கம் விதித்த பசுமைத் தடைகளும் (இடிப்பு வேலைகளைச் செய்ய மறுத்த போராட்டங்கள்) பழைய வீட்டு வரிசைகளைக் காத்த இயக்கங்கள் என்பது பொது வரலாறு. அதன் நினைவை இன்றும் பேணும் குழு ஒன்று உங்கள் வரிசையோடு தொடர்புடையதாக இருந்தால் மட்டுமே இந்த அளவுகோல் பொருந்தும்.

ஒப்பீடு

ஒப்பீடு இல்லாத அறிக்கையை எந்தக் குழுவும் ஏற்காது. விக்டோரியா மரபுத் தரவுத்தளத்தில், அதே பத்தாண்டில், அதே அளவில் கட்டப்பட்ட நான்கைந்து வரிசைகளைத் தேர்ந்து, உங்கள் வீடு எதில் ஒத்திருக்கிறது, எதில் மிஞ்சுகிறது, எதில் குறைகிறது என்று நேர்மையாக எழுத வேண்டும். உச்சத்தில் வைத்துப் பார்க்கத்தக்கது கிழக்கு மெல்போர்னின் டாஸ்மா டெரஸ். சார்ல்ஸ் வெப் வடிவமைத்து 1878இல் தொடங்கிய மூன்றடுக்கு வரிசை அது. 1970களின் தொடக்கத்தில் இடிபடவிருந்த நிலையில் எழுந்த எதிர்ப்பு, 1974இல் விக்டோரியாவின் வரலாற்றுக் கட்டடச் சட்டம் பிறக்கக் காரணமானவற்றுள் ஒன்று. பின்னர் அதுவே மரபுப் பாதுகாப்பு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் மாநில அலுவலகமானது. உங்கள் வீடு அதற்கு ஈடாகாது என்பதில் வெட்கமில்லை. மாநில அளவிலான சிறப்பு வேறு, உள்ளூர் அளவிலான சிறப்பு வேறு. பெரும்பாலான அலங்கார டெரஸ் வீடுகள் இரண்டாவது வகையிலேயே உறுதியாக நிற்கும். மாநில அளவைக் கோரித் தோற்பதைவிட உள்ளூர் அளவை ஐயமின்றி நிறுவுவது வீட்டைக் காக்கும்.

அறிக்கையை எழுதுவது

விக்டோரியாவில் வழக்கத்தில் உள்ள வடிவம் மூன்று கேள்விகளால் ஆனது: சிறப்புடையது எது, எவ்வகையில் சிறப்புடையது, ஏன் சிறப்புடையது. முதல் கேள்விக்கான விடையே பின்னாளில் சட்டச் சண்டைகளில் பெரிதும் பிரித்துப் படிக்கப்படும். ஆகவே "முகப்பு அலங்காரங்கள்" என்று பொதுப்படையாக எழுதாமல், கைப்பிடிச்சுவர், அதன் கலசங்கள், இறக்கைச் சுவர்கள், மாடி வராந்தாவின் வார்ப்பிரும்பு, வாசல் தளத்தின் ஓடுகள், புகைபோக்கிகள், பின்புறச் சேவைப் பகுதி, பின்புறச் சந்தின் ஓரத்துச் செங்கல் மதில் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல வேண்டும். எது சிறப்பில் சேராது என்பதையும், எடுத்துக்காட்டாக 1990களின் சமையலறை நீட்சியை, அங்கேயே எழுதிவிடுவது உரிமையாளருக்கும் நன்மை.

மூன்றாம் கேள்விக்கு விடை எழுதும் விதத்தைக் கற்பனை வீடு ஒன்றைக் கொண்டு காட்டுகிறேன். "இவ்வீடு விக்டோரியா காலக் கட்டடக்கலையின் அழகிய எடுத்துக்காட்டு" என்பது எந்த வீட்டுக்கும் பொருந்தும் வாக்கியம். எனவே எந்த வீட்டையும் காக்காது. அதற்குப் பதிலாக இவ்வாறு எழுதலாம்: "நான்கு வீடுகள் கொண்ட இவ்வரிசை, 1888இல் கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரால் வாடகை வருமானத்துக்காக எழுப்பப்பட்டதாகச் சொத்துவரிப் பதிவேடு காட்டுகிறது; நிலவிலை ஏற்றத்தின் உச்சத்தில், குறுகிய மனைகளில்கூட மாளிகைத் தோற்றத்தை விற்பனைச் சரக்காக்கிய போக்குக்கு, சிறிதும் மாறாத அதன் கைப்பிடிச்சுவரும், அதற்கு நேர்மாறாக எளிமையான பின்புறமும் சேர்ந்து தெளிவான சான்றாகின்றன; நான்கு வீடுகளின் பின்புறச் சேவைப் பகுதிகளும் எஞ்சியிருப்பது இப்பகுதியில் ஒப்பிடப்பட்ட மற்ற வரிசைகளில் காணப்படாதது." ஒவ்வொரு கூற்றுக்கும் கண்ணால் காணத்தக்க ஒரு பகுதியோ ஆவணத்தில் காட்டத்தக்க ஒரு வரியோ பின்னால் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். அழகைப் பற்றிச் சொல்லும்போதும் இதே ஒழுக்கம் வேண்டும். நிழலும் வெளிச்சமும் சரிகையில் விழும் அழகை வருணிக்கலாம், ஆனால் அந்தச் சரிகை நான்கு வீடுகளிலும் ஒரே அச்சில் தொடர்வதால் முழு வரிசையும் ஒரே ஓட்டமாகக் கண்ணுக்குப் படுகிறது என்று முடித்தால்தான் அது மதிப்பீடு ஆகும்.

பட்டியலில் சேர்ந்தபின்

உள்ளூர் அளவில் சிறப்புடைய வீடு, நகராட்சியின் திட்ட விதிகளில் ஹெரிடேஜ் ஓவர்லே எனப்படும் பாதுகாப்பு வளையத்துக்குள் வரும். இடிப்பதற்கும், வெளிப்புறத்தை மாற்றுவதற்கும், புதிதாகக் கட்டுவதற்கும் அனுமதி பெற வேண்டும். வெளிவண்ணம், உள்பகுதி, மரங்கள் ஆகியவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டா இல்லையா என்பது அந்த விதியின் அட்டவணையில் வீட்டுக்கு வீடு வேறுபடும். உள்பகுதிக் கட்டுப்பாடு உள்ளூர் அளவில் பெரும்பாலும் விதிக்கப்படுவதில்லை என்பதால், உள்ளே உண்மையிலேயே சிறப்புடைய வேலைப்பாடு இருந்தால் அதை அறிக்கையில் தனியாகக் கோர வேண்டும். 2017ஆம் ஆண்டின் மரபுச் சட்டத்தின் கீழ் வரும் மாநிலப் பதிவேட்டில் சேர்ந்த கட்டடங்களுக்கு உள்ளும் புறமும் கட்டுப்பாடு உண்டு.

பழுதுபார்க்கும்போது மிகுதியான கேடு அக்கறையோடு செய்யப்படும் வேலைகளாலேயே விளைகிறது. பழைய செங்கல் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்டது. அதன் இணைப்புகளைச் சிமென்ட்டால் அடைத்தால் ஓதம் சாந்தின் வழியே வெளியேற இயலாமல் செங்கல்லின் வழியே வெளியேறி, செங்கல்லின் முகத்தையே உதிர்த்துவிடும். முகப்பில் பூசிய வண்ணத்தை மணல் பீய்ச்சி நீக்கினால் செங்கல்லின் சுட்ட மேல்தோலும், வெள்ளைச் சுண்ணாம்பு இழையால் வரைந்த நுண்ணிய இணைப்புக் கோடுகளும் போய்விடும். பழைய வண்ணப் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த நிலையில் தேய்ப்பதும் ஆபத்து. இழந்த கலசத்தையோ தோரணத்தையோ மீண்டும் வைக்க விரும்பினால், பழைய நிழற்படம், எஞ்சியுள்ள ஒரு துண்டு, அல்லது அதே வரிசையின் அடுத்த வீட்டில் உள்ள மூல வடிவம் ஆகியவற்றில் ஒன்றைச் சான்றாகக் காட்டிய பின்பே செய்ய வேண்டும். சான்றில்லாத இடத்தில் அழகுக்காகச் சேர்க்கும் சரிகை, அடுத்த தலைமுறையின் ஆய்வாளரை ஏமாற்றும். அவ்வாறு சேர்த்த புதிய பகுதியின் மறைவான பக்கத்தில் ஆண்டைப் பொறித்து, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களின் ஒரு பிரதியை உள்ளூர் வரலாற்றுச் சங்கத்திலோ நகராட்சி நூலகத்திலோ சேர்ப்பிக்கலாம்.